சுடாத பிளாஸ்மா: குறைதிறன் நுண்ணலையும் காற்றின் முரண்டும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிறுவிய ஆசிரியர் இரண்டே நிபந்தனைகள் வைத்திருக்கிறார். பொருள் அறிவியலாக இருக்க வேண்டும். பேச்சு தமிழில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மூன்றாவதாக ஒன்றை அவர் எழுதி வைக்காமல் போனது அவையோரின் துரதிர்ஷ்டம். நானாகவே அதைக் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

திறந்த காற்றில், வெற்றிடக் குழாயோ கண்ணாடி உறையோ இல்லாமல், சில வாட் நுண்ணலையைக் கொண்டு, கை பொறுக்கும் சூட்டில் பிளாஸ்மாவை உண்டாக்க முடியுமா? இதுதான் இன்றைய கேள்வி. முடியும். ஆனால் ‘காற்றில்’, ‘சில வாட்டில்’, ‘கை பொறுக்கும் சூட்டில்’ ஆகிய மூன்றையும் ஒருசேரக் கேட்டால் பதில் சிக்கலாகிறது. இவற்றில் இரண்டு எளிதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை என்ன, அதைக் குறைக்க என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பிளாஸ்மா என்றதும் சூரியனும் மின்னலும் வெல்டிங் பொறியும் நினைவுக்கு வருகின்றன. மின்னல் பாயும் தடத்தில் காற்று 30,000 கெல்வின் வரை சூடாகிறது. ஆகவே பிளாஸ்மா என்றால் கொதிப்பு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் எல்.ஈ.டி. வருவதற்கு முன் எல்லா வீட்டிலும் எரிந்த குழல்விளக்கும் பிளாஸ்மாதான். எரிந்துகொண்டிருக்கும் குழலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். சுமார் 40 டிகிரி. அதே குழலுக்குள் ஓடும் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 கெல்வினுக்கு மேல். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இரண்டு வெப்பநிலை. வெப்ப இயக்கவியலைச் சரியாகப் படித்த மாணவர் இங்கே எழுந்து நின்று ஆட்சேபிக்க வேண்டும். சமநிலை எட்டப்படாத அமைப்பு இது என்பதே அவருக்கான பதில். எலெக்ட்ரான்கள் தங்களுக்குள் ஒரு வெப்பநிலையில் இருக்கின்றன. வாயு மூலக்கூறுகள் தங்களுக்குள் வேறொன்றில் இருக்கின்றன. இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் மிக மெதுவாக நடக்கிறது.

மெதுவாக நடப்பதற்குக் காரணம் நிறை வேறுபாடு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு எலெக்ட்ரானைவிட ஏறத்தாழ 51,000 மடங்கு கனமானது. தேரின்மீது கடுகை எறிந்தால் கடுகு தெறிக்கும், தேர் அசையாது. ஒரு மீள்மோதலில் எலெக்ட்ரான் தன் ஆற்றலில் சுமார் 25,000-இல் ஒரு பங்கைத்தான் மூலக்கூறுக்குக் கொடுக்கிறது. குழல்விளக்கில் வாயு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சில நூறில் ஒரு பங்குதான் என்பதால் மோதல்களே குறைவு. வாயு குளிர்ச்சியாகவே இருந்துவிடுகிறது.

குழலை உடைத்து, அதே வேலையைத் திறந்த காற்றில் செய்ய முயன்றால் என்ன ஆகும்? வளிமண்டல அழுத்தத்தில் ஒரு எலெக்ட்ரான் விநாடிக்கு ஏறக்குறைய லட்சம் கோடி முறை மோதுகிறது. ஒரு மைக்ரோவிநாடிக்குள் பத்து லட்சம் மோதல். ஒவ்வொன்றிலும் 25,000-இல் ஒரு பங்குதான் போகிறது என்றாலும், அந்த ஒரு மைக்ரோவிநாடியில் எலெக்ட்ரான் தன் ஆற்றலைப் பல முறை முழுமையாக இழந்து, மின்புலத்திலிருந்து மறுபடி பெற்று, மறுபடி இழந்திருக்கும். இழந்ததெல்லாம் வாயுவின் சூடாகிறது.

இது மீள்மோதலுக்கான கணக்கு மட்டுமே. காற்றில் நிலைமை இன்னும் மோசம். ஆய்வகங்களில் ஆர்கானையும் ஹீலியத்தையும் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆர்கான் எளிதில் அயனியாகும் என்பது பலரும் சொல்லும் விடை. அது தவறு. ஆர்கானை அயனியாக்க 15.8 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறுக்கு 15.6, ஆக்சிஜனுக்கு வெறும் 12.1. இந்த எண்களை மட்டும் பார்த்தால் காற்றுதான் சுலபம். வேறுபாடு, அந்த 15 எலெக்ட்ரான் வோல்ட்டை எட்டும் வழியில் இருக்கிறது. ஆர்கான் ஒற்றை அணு, ஏறத்தாழ 11.5 எலெக்ட்ரான் வோல்ட் சேரும்வரை எலெக்ட்ரானிடமிருந்து பெரிதாக எதையும் அது வாங்கிக்கொள்ள முடியாது. நைட்ரஜன் ஈரணு மூலக்கூறு. அது அதிரும், சுழலும். இரண்டு, மூன்று எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் எலெக்ட்ரானிடமிருந்து ஆவலோடு ஆற்றலைப் பறித்து அதிர்வாக வைத்துக்கொள்கிறது. அந்த அதிர்வு பிறகு சாவகாசமாக வெப்பமாக மாறுகிறது. ஆக்சிஜன் இன்னொரு விதத்தில் தொல்லை தருகிறது: எலெக்ட்ரானையே பிடித்து எதிர்மின் அயனியாக்கிக்கொள்கிறது. ஆக, காற்றில் பிளாஸ்மா உண்டாக்குபவர் இரண்டு கசிவுகளுக்கும் சேர்த்து ஆற்றல் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றுவதில் பெரும்பகுதி சூடாகிறது.

இதோடு ஒரு சுழலும் உண்டு. ஓர் இடத்தில் வாயு கொஞ்சம் சூடானால் அங்கே அதன் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் எலெக்ட்ரான் மோதலுக்கு மோதல் அதிகத் தூரம் ஓடி அதிக ஆற்றல் சேர்க்கும். அயனியாக்கம் கூடும், மின்னோட்டம் அங்கேயே குவியும், வாயு இன்னும் சூடாகும். பரவலாக ஒளிர்ந்துகொண்டிருந்த பிளாஸ்மா கண்ணிமைக்கும் முன் ஒரு வெண்ணிற இழையாகச் சுருங்கி மின்வில்லாகிவிடும். வில்லான பிறகு அதைக் குளிர்ந்த பிளாஸ்மா என்று யாரும் அழைக்க முடியாது. வளிமண்டல அழுத்தத்தில் குளிர்ந்த பிளாஸ்மா என்ற துறை முழுவதும் இந்தச் சுழலை எங்கே, எப்படி அறுப்பது என்ற ஒரே கவலையில்தான் ஓடுகிறது.

முதல் வழியை 1857-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் கண்டார். இரு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியை வைத்தார். மின்னோட்டம் பாய்ந்தவுடனே கண்ணாடிப் பரப்பில் மின்னூட்டம் குவிந்து, தான் பாய்வதைத் தானே நிறுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு நுண்பொறிக்கும் ஆயுள் சில பத்து நானோவிநாடிகள். வில்லாக மாற அவகாசமே இல்லை. சீமென்ஸ் இதை ஓசோன் உண்டாக்கச் செய்தார். இன்றும் குடிநீர் சுத்திகரிப்புக்கு ஓசோன் தரும் பெரும்பாலான இயந்திரங்களுக்குள் இருப்பது இதே அமைப்புதான். ஆனால் இதற்குப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். அந்த உயரழுத்தத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது சங்கடம்.

இரண்டாவது வழியாக நுண்ணலை வருகிறது. நுண்ணலை இந்தியர்களுக்குப் புதிதல்ல. 1890-களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். ஆனால் திறன்மிக்க நுண்ணலை மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரால். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் 1940-இல் குழிவகை மாக்னெட்ரானை இயக்கினார்கள். ரேடாருக்காகச் செய்யப்பட்ட அது, 1945-இல் ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் வழியாகச் சமையலறைக்குப் போனது. இன்றைய நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் 700 முதல் 1,000 வாட் வரை தருகிறது. அடுப்பின் மாக்னெட்ரானைக் கொண்டு காற்றில் பிளாஸ்மா செய்வது கடினமே அல்ல. ஆனால் அதன் நடுப்பகுதி சில ஆயிரம் கெல்வினில் கொதிக்கும். குப்பையை எரிவாயுவாக்க, உலோகத்தூள் உருக்க அது நல்ல கருவி. நமக்கு வேண்டியது அதுவல்ல.

நுண்ணலையின் சிறப்பு வேறு. 2.45 கிகாஹெர்ட்ஸில் மின்புலம் 0.2 நானோவிநாடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. வளிமண்டல அழுத்தத்தில், அந்த நேரத்துக்குள் எலெக்ட்ரான் இப்படியும் அப்படியும் சில மைக்ரோமீட்டர் தூரமே நகர முடியும். 100 மைக்ரோமீட்டர் இடைவெளி விட்டால், நடுவில் இருக்கும் எலெக்ட்ரான் மின்முனையைப் போய்ச் சேர்வதே இல்லை. பாதி வழியில் திருப்பி அழைக்கப்படுகிறது. கனமான அயனிகளோ இந்த வேகத்துக்கு அசைந்துகொடுப்பதே இல்லை. இதனால் இரண்டு நன்மைகள். எலெக்ட்ரான் இழப்பு குறைவதால் பிளாஸ்மாவைத் தாங்கி நிறுத்தத் தேவையான மின்னழுத்தம் குறைகிறது. அயனிகள் மின்முனையைத் தாக்கி அரிப்பதும் பெரிதும் குறைகிறது. நேர்மின்னோட்டத்தில் சில மணி நேரத்தில் தேய்ந்துபோகும் நுண்ணிய மின்முனை, நுண்ணலையில் நாள்கணக்கில் நிற்கிறது.

சரி, சில வாட் போதும் என்பது எப்படி? இங்கேதான் ஒரு வேடிக்கையான பழம் வருகிறது. திராட்சையை இரண்டாக வெட்டி, தோல் ஒட்டியபடியே நுண்ணலை அடுப்பில் வைத்தால் சில விநாடிகளில் அதிலிருந்து பிளாஸ்மா கிளம்பும். இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றும் வித்தை இது. தோல் கம்பியைப் போல மின்சாரம் கடத்துவதால் பொறி வருகிறது என்று வெகுகாலம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனடாவைச் சேர்ந்த கட்டாக், பியானுச்சி, ஸ்லெப்கோவ் ஆகியோர் இதைப் பொறுமையாக ஆராய்ந்து 2019-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். தோல் தேவையே இல்லை. இரண்டு முழுத் திராட்சைகளை ஒட்டி வைத்தாலும், நீர் ஊறிய ஜெல் மணிகளை வைத்தாலும் இதே விளைவு வரும். காற்றில் 12 சென்டிமீட்டராக இருக்கும் நுண்ணலையின் நீளம், நீருக்குள் நுழைந்ததும் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கி 1.3 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. திராட்சையின் அளவும் அதையொட்டியே இருப்பதால் அலை உள்ளே சிக்கி ஒத்ததிர்கிறது. இரண்டு பழங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மின்புலம் மிகச் சிறிய ஒரு புள்ளியில் குவிகிறது. பழத்திலுள்ள சோடியமும் பொட்டாசியமும் அந்தப் புள்ளியில் அயனியாகிப் பொறியைத் தொடங்கிவைக்கின்றன. இந்த ஆய்வை விளையாட்டு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அலையைச் சிக்கவைத்து ஒரு புள்ளியில் குவித்தால் என்ன கிடைக்கும் என்பதை, சூத்திரம் எழுதாமலேயே அது காட்டிவிடுகிறது.

பொறியாளர்கள் இதையே திட்டமிட்டுச் செய்கிறார்கள். பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபெலிப் ஈஸாவும் ஜெஃப்ரி ஹாப்வுட்டும் 2003-இல் வெளியிட்ட கருவியை எடுத்துக்கொள்வோம். மின்சுற்றுப் பலகைமீது ஒரு நாணயத்தின் அளவில் ஒரு செம்பு வளையம். வளையத்தின் சுற்றளவு அரை அலைநீளம். வளையத்தை ஓரிடத்தில் மிக நுண்ணிதாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். அரை அலைநீளம் என்பதால் வெட்டின் ஒரு முனை நேர்மின் உச்சத்தில் இருக்கும்போது மறுமுனை எதிர்மின் உச்சத்தில் இருக்கும். ஆகவே அந்த நுண்ணிய வெட்டின் குறுக்கே மொத்த மின்னழுத்தமும் விழுகிறது.

எண்களைப் பார்ப்போம். வழக்கமான 50 ஓம் கம்பிவடத்தில் 1 வாட் நுண்ணலை ஓடினால், அதன் மின்னழுத்த உச்சம் 10 வோல்ட் மட்டுமே. பத்து வோல்ட்டால் காற்றை உடைக்க முடியாது. இயல்பான காற்றில் மின்முறிவுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். ஆனால் இடைவெளி குறையக் குறையத் தேவையான மின்னழுத்தமும் இறங்கும் என்று 1889-இல் ஃப்ரீட்ரிக் பாஷன் அளந்து காட்டினார். வளிமண்டல அழுத்தத்தில் சில பத்து மைக்ரோமீட்டர் இடைவெளிக்குச் சில நூறு வோல்ட் போதும். ஆக, பத்தைச் சில நூறாக்க வேண்டும். அதை ஒத்ததிர்வு செய்துகொடுக்கிறது. ஈஸா, ஹாப்வுட் கருவியில் ஒத்ததிர்வின் கூர்மையைக் காட்டும் தரக்காரணி 335. இயங்கும் அதிர்வெண் 900 மெகாஹெர்ட்ஸ். பரந்த அழுத்த வரம்பில் ஆர்கானிலும் காற்றிலும் 3 வாட்டுக்கும் குறைவான திறனில் பிளாஸ்மா தானே பற்றிக்கொண்டது. வளிமண்டல அழுத்தத்தில் ஆர்கான் பிளாஸ்மாவைத் தாங்கி நிறுத்த அரை வாட் போதுமாக இருந்தது. ஆர்கானில் 1 வாட்டில் 24 மணி நேரம் தொடர்ந்து இயக்கிய பின்னும் கருவியில் அளக்கத்தக்க சேதம் எதுவும் இல்லை.

900 மெகாஹெர்ட்ஸ் என்ற எண் மாணவர்கள் சிலருக்குப் பழக்கமானதாக இருக்கும். அது பழைய ஜி.எஸ்.எம். செல்பேசியின் அலைவரிசை. அந்தச் செல்பேசிகள் உச்சத்தில் 2 வாட் வரை உமிழ்ந்தன. உலகமெல்லாம் கோடிக்கணக்கில் செல்பேசி விற்றதால் அந்த அதிர்வெண்ணுக்கான திறன்பெருக்கிச் சில்லுகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. பிளாஸ்மா ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிளாஸ்மாவுக்கென்று யாரும் அந்தச் சில்லை வடிவமைக்கவில்லை.

இந்த வளையத்தில் நான் மிகவும் ரசிப்பது இன்னொன்றை. பிளாஸ்மா பற்றியதும் வெட்டின் குறுக்கே ஒரு மின்தடை வந்துவிடுகிறது. ஒத்ததிர்வு மழுங்குகிறது, மின்னழுத்தம் சில நூறு வோல்ட்டிலிருந்து சில பத்து வோல்ட்டுக்கு விழுகிறது. பிளாஸ்மா அளவுமீறி வளரப் பார்த்தால் அதன் தடை குறையும். தடை குறைந்தால் வளையத்துக்கும் கம்பிவடத்துக்கும் பொருத்தம் கெட்டு, வரும் அலையின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். முன்பு சொன்ன வெப்பச் சுழல் தலைதூக்கும்போது அதற்குத் தீனி தானாகவே குறைகிறது. சீமென்ஸ் கண்ணாடியால் அறுத்ததை இங்கே பொருத்தக்கேடு அறுக்கிறது. தனியாகக் கட்டுப்பாட்டுச் சுற்று எதுவும் வேண்டியதில்லை.

அடுத்து, குளிர்ச்சி. இதில் இரண்டு கணக்குகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். முதலாவது பத்தாம் வகுப்புக் கணக்கு. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஓடும் காற்றில் 1 வாட்டை முழுவதும் வெப்பமாக ஊற்றினால் காற்று 50 டிகிரி ஏறும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டரில் 3 வாட் ஊற்றினால் 30 டிகிரி. அதே ஐந்து லிட்டரில் 100 வாட் ஊற்றினால் 1,000 டிகிரி. எவ்வளவு சாமர்த்தியமான வடிவமைப்பும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. குறைந்த திறன் என்பது சிக்கனத்துக்காகவோ மின்கலத்துக்காகவோ மட்டும் வேண்டப்படுவதல்ல. குளிர்ச்சி வேண்டுமென்றால் திறன் குறைந்தே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கான வாட்டை உட்கொண்டு, சொற்பக் காற்றோட்டத்தில் குளிர்ந்த பிளாஸ்மா தருவதாக ஒரு விளம்பரம் சொன்னால், அந்த வாட் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒன்று அலை திரும்பிப் போகிறது, அல்லது கருவியின் உடம்பு சூடாகிறது, அல்லது பிளாஸ்மா குளிர்ச்சியாக இல்லை.

இரண்டாவது கணக்கு அளவைப் பற்றியது. சூடு ஒரு பொருளிலிருந்து வெளியே பரவ எடுக்கும் நேரம் அதன் அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்மாவிலிருந்து சூடு வெளியேறச் சில விநாடிகள் ஆகும். அதையே 0.1 மில்லிமீட்டராகச் சுருக்கினால் நேரம் 10,000 மடங்கு குறைந்து அரை மில்லிவிநாடி ஆகும். பக்கத்திலேயே உலோகமும் பீங்கானும் இருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். நுண்பிளாஸ்மாக்கள் வளிமண்டல அழுத்தத்தில் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே பெரும் காரணம். இது போதாதபோது நுண்ணலையை விட்டுவிட்டுத் துடிப்புகளாகக் கொடுக்கிறார்கள். எலெக்ட்ரான்கள் நானோவிநாடிகளில் சூடேறிவிடும், வாயு சூடேற அதைவிட வெகுநேரம் எடுக்கும் என்பதால், வாயு விழிப்பதற்குள் துடிப்பு முடிந்துவிடும்.

காற்றின் முரண்டு இவ்வளவையும் செய்த பிறகும் முழுவதும் தீர்வதில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் ‘குளிர்ந்த வளிமண்டல நுண்ணலைப் பிளாஸ்மா’ என்று தலைப்பு இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஓடும் வாயு ஆர்கான். திறந்த காற்றுக்குள் ஆர்கான் சுடரை நீட்டியிருப்பார்கள். அது மதிப்பற்றது என்று நான் சொல்லவில்லை. கொரியாவில் போஹாங் நகரத்து ஆய்வாளர்கள் செய்த 900 மெகாஹெர்ட்ஸ் பிளாஸ்மாப் பேனா அவ்வகை, நல்ல வேலை. ஆனால் ஆர்கான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய கருவியைக் கையடக்கக் கருவி என்பது கொஞ்சம் அதிகப்படி. வெறும் காற்றில், தொடர்ந்து, சில வாட்டில் நிற்கும் நுண்ணலைப் பிளாஸ்மாவைப் பார்த்தால், பெரும்பாலும் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஊதா நிறப் புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளியின் மையம் குளிர்ந்ததாகவும் இராது. அதைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் கீழே, சுற்றுக்காற்றோடு கலந்த பிறகுதான் கை வைக்க முடியும்.

ஆகவே எந்த இடத்தில் குளிர்ச்சி என்பதைச் சொல்லாமல் குளிர்ந்த பிளாஸ்மா என்று சொல்வதில் பொருளில்லை. சுடரில் விரலை நீட்டிக் காட்டும் காணொளிகள் ஏராளம். விரல் வெப்பமானி அல்ல. உலோக வெப்ப இரட்டையைச் செருகினால் அது மின்புலத்தையே கலைத்து நுண்ணலையில் தானே சூடாகும். ஒழுங்கான வழி ஒளியைப் பிரித்துப் பார்ப்பது. நைட்ரஜனின் 337 நானோமீட்டர் பட்டையையும், காற்றின் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ராக்ஸிலின் 309 நானோமீட்டர் பட்டையையும் நுணுக்கமாகப் பார்த்தால், மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்பது அந்தப் பட்டைகளின் வடிவில் தெரியும். அதிலிருந்து வாயுவின் வெப்பநிலையைக் கணிக்கலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஹைட்ராக்ஸில் பிறக்கும்போதே வேகமாகச் சுழன்றுகொண்டு பிறந்தால் கணிப்பு பொய்யாகும். கவனமாகச் செய்பவர்கள் இரண்டு பட்டைகளையும் ஒப்பிட்டே எண்ணை எழுதுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு இதை எதற்குச் செய்ய வேண்டும்? காற்றுப் பிளாஸ்மாவின் பயன் அதன் வேதியியலில் இருக்கிறது. 1785-இல் ஹென்றி காவெண்டிஷ் காற்றில் மின்பொறி விட்டு நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்தார். 1903-இல் தொடங்கி நார்வேயில் பிர்க்கலாந்தும் ஐடேயும் அதையே பெரிய மின்வில்லாக்கி உர ஆலை அளவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் வந்த ஹேபர்-போஷ் முறை மலிவாக இருந்ததால் அது கைவிடப்பட்டது. காற்றுப் பிளாஸ்மா சூடாக இருந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகும். குளிர்ச்சியாக இருந்தால் ஓசோன் மிகும். திறனைக் கூட்டிக் குறைத்தே ஒரே கருவியில் இரண்டுக்கும் இடையே நகரலாம். இவை நீரில் கரைந்தால் நைட்ரேட், நைட்ரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் அதில் சேரும். அந்த நீரை விதை முளைப்புக்கும் காய்கறிகளின்மேல் உள்ள கிருமியை ஒழிக்கவும் பல நாடுகளில் சோதித்து வருகிறார்கள்.

மருத்துவத்தில் ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன், எண்கள் தெளிவாக இருப்பதால். ஜெர்மனியில், மாக்ஸ் பிளாங்க் நிறுவன இயற்பியலாளர்களின் பங்களிப்போடு உருவான நுண்ணலை ஆர்கான் பிளாஸ்மாக் கருவியால், ஆறாத புண் உள்ள 36 நோயாளிகளுக்கு நாள்தோறும் ஐந்து நிமிடம் சிகிச்சை தந்தார்கள். மொத்தம் 291 சிகிச்சைகள். பிளாஸ்மா பட்ட புண்களில் பாக்டீரியா 34 சதவீதம் கூடுதலாகக் குறைந்ததாக 2010-இல் அறிவித்தார்கள். மருந்துக்குப் பணியாத கிருமிகளிலும் இது வேலை செய்தது என்பது நல்ல செய்தி. ஆனால் 34 சதவீதம் என்பது கிருமி ஒழிப்பு அல்ல, கிருமி குறைப்பு. விளம்பரங்களில் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

நம் நாட்டில் காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் 1986 முதல் இயங்குகிறது. அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்காகப் பேசப்படும் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு, அங்கோரா முயல் ரோமத்தை வளிமண்டலக் காற்றுப் பிளாஸ்மாவில் பதப்படுத்தி, இழைகள் வழுக்காமல் நூலாகத் திரிய வழி செய்தது. அது நுண்ணலைக் கருவி அல்ல. இருந்தும் குறிப்பிடக் காரணம், அதற்கு ஆர்கான் தேவைப்படவில்லை என்பதுதான்.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஓசோன் மட்டும் வேண்டுமென்றால் நுண்ணலை வேண்டாம். சீமென்ஸின் கண்ணாடி முறை மலிவு, திறன்மிக்கது. பரந்த பரப்பைப் பதப்படுத்தவும் அதுவே மேல். நுண்ணலையின் இடம் சிறிய, நீண்டகாலம் உழைக்க வேண்டிய, உயரழுத்தம் ஆகாத கருவிகளில். கையில் எடுத்துப் போகும் வாயுப் பகுப்பாய்வி, சில்லுக்குள் அடங்கும் ஒளிமூலம் போன்றவை. காற்றையே வாயுவாகக் கொண்டு பெரிய அளவில் கிருமி நீக்கம் என்ற கனவு இன்னும் கனவாகவே இருக்கிறது. அதைத் தடுப்பது பணமோ ஆர்வமோ அல்ல, நைட்ரஜனின் அதிர்வு.

கடைசியாக மாணவர்களுக்குச் சில வார்த்தை. இத்துறையில் வேலை செய்யப் பெரிய ஆய்வகம் தேவையில்லை என்பதால்தான் இந்தப் பொருளை எடுத்தேன். வளையத்தைக் கணினியில் வடிவமைக்கலாம். பலகையை ஊரிலேயே அச்சிடலாம். பெருக்கிச் சில்லு கடையில் கிடைக்கும். மின்னணுவியல் துறையினருக்கு ஒத்ததிர்வு தெரியும், இயற்பியல் துறையினருக்கு நிறமாலை தெரியும். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தயவுசெய்து யாரும் வீட்டு நுண்ணலை அடுப்பைப் பிரிக்காதீர்கள். அதன் மின்மாற்றி சுமார் 2,000 வோல்ட் தருகிறது. மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். அந்த மின்மாற்றியால் உயிரிழந்தவர்கள் உண்டு. சில வாட் கருவியிலும் அலை வெளியே கசியாமல் உலோக உறையிடுங்கள். அறையில் ஓசோன் பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிலிட வரம்பு. மூடிய சிறு அறையில் ஒரு சிறு காற்றுப் பிளாஸ்மாகூட அதைச் சீக்கிரம் எட்டிவிடும். மூக்கு அதற்கு வெகு விரைவில் பழகிவிடும், எனவே மூக்கை நம்பாதீர்கள். பிளாஸ்மா பற்றிக்கொண்டதும் படம் எடுக்க ஓடுவதற்கு முன், ஓசோன் அளவியை மேசைமீது வையுங்கள்; அதன் எண்ணைக் குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.